எல்2டிபி டனலில் வேகத்தைத் தெரிவிப்பது எப்படி: கேள்வி பதில்

எல்2டிபி என்பது பயனரின் இணைய இணைப்பை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு டனலாகக் கொண்டுசெல்லும் நெறிமுறை. பயனரின் பக்கத்து முனை எல்ஏசி, மறுமுனை எல்என்எஸ். கேட்பவர்களைச் சிங்கப்பூரில் அவர்களுடைய வட்டாரப் பெயரால் குறித்திருக்கிறேன்.

ஜூரோங்: எங்கள் எல்என்எஸ்ஸில் பயனரின் வேகம் தலைகீழாகத் தெரிகிறது. பதிவிறக்கம் 20 மெகாபிட், பதிவேற்றம் 100 மெகாபிட் என்கிறது. எங்கே தவறு?

தவறு பார்வையில். எல்2டிபி இரண்டாம் பதிப்பின் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 2661 வகுத்துள்ளபடி, இணைப்பு அமைந்ததும் எல்ஏசி அனுப்பும் ஐசிசிஎன் செய்தியில் செல்லும் 24ஆம் ஏவிபியாகிய (ஏவிபி என்பது செய்திக்குள் ஒரு தகவல் புலம்) டிஎக்ஸ், அதாவது அனுப்பும் வேகம், எல்ஏசியின் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்லப்படுவது. எல்ஏசி பயனரை நோக்கி அனுப்பும் வேகம் என்பதால் அதுவே பயனருக்குப் பதிவிறக்கம். 38ஆம் ஏவிபியாகிய ஆர்எக்ஸ், அதாவது எல்ஏசி பெறும் வேகம், அவருடைய பதிவேற்றம். 38 வராவிட்டால் இரு திசைக்கும் ஒரே வேகம் என்று எல்என்எஸ் எடுத்துக்கொள்ளும். உங்கள் அறிக்கையை எழுதியவர் டிஎக்ஸ் என்றதும் பயனர் அனுப்புவது என்று எண்ணிவிட்டார். டிஎக்ஸ் என்ற சொல்லைக் கண்டால், யாருடைய டிஎக்ஸ் என்று முதலில் கேளுங்கள்.

உட்லண்ட்ஸ்: எல்லாப் பயனருக்கும் 1 கிகாபிட் என்றே பதிவாகிறது.

எல்ஏசிக்குத் தெரிந்தது தன்னுடைய ஈதர்நெட் போர்ட் மட்டுமே. அதற்கப்பால் உள்ள லைனின் வேகத்தை யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். பயனரின் பிபிபிஓஇ இணைப்பு (ஈதர்நெட் வழி உள்நுழைவு) தொடங்கும்போதே, பயனர் லைன்கள் வந்து சேரும் கருவியான டிஸ்லாம் தன் குறிப்பைச் சேர்த்து அனுப்பலாம், லைன் நிலையைச் சொல்லும் நெறிமுறையான ஏஎன்சிபி வழியாகத் தெரிவிக்கலாம், அல்லது பயனரைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரின் சுயவிவரத்தில் எழுதி வைக்கலாம். எந்த மூலத்தை முதலில் நம்புவது, அது கிடைக்காவிட்டால் அடுத்தது எது என்று எல்ஏசியில் வரிசைப்படுத்துங்கள். போர்ட் வேகம் கடைசி இடத்தில் இருக்கட்டும். அலகையும் கவனியுங்கள்: டிஸ்லாம் குறிப்பு கிலோபிட்டில் வரும், ஏவிபி பிட்டைக் கேட்கும். ஒருமுறை சோதனைக்கூடத்தில் நான் 100 மெகாபிட் என்று எண்ணி 100000 என்று தட்டினேன். எல்என்எஸ் அதை 100 கிலோபிட் என்று படித்து, அந்த இணைப்பை அதற்கேற்ப இறுக்கிவிட்டது.

தெம்பனிஸ்: மதிப்பைக் கூட்டினால் இணையம் வேகமாகுமா?

ஆகாது.

ஈசூன்: நானும் அதையே கேட்க வந்தேன்.

அதே பதில்தான். ஆனால் எல்என்எஸ் அந்த மதிப்பை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துமானால், குறைத்துச் சொன்னால் குறையும்.

கிளமெண்டி: சிங்கப்பூரில் இப்போது 10 கிகாபிட் திட்டங்கள் விற்கப்படுகின்றன. எல்2டிபி அதைச் சொல்லுமா?

நல்ல கேள்வி. 1999இல் எழுதப்பட்ட ஆர்எஃப்சி 2661 வேகத்துக்கு 32 பிட்டுகளை மட்டுமே ஒதுக்கியது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 4,294,967,295, அதாவது ஏறத்தாழ 4.29 கிகாபிட். மேல்பிட்டுகளை அப்படியே வெட்டிவிடும் மென்பொருளில் 10 கிகாபிட் 1,410,065,408 என்று தெரியும், 1.41 கிகாபிட் என்று பார்த்துவிட்டு வாடிக்கையாளரின் ஃபைபரைக் குறைசொல்ல வேண்டாம். 2005இல் வந்த மூன்றாம் பதிப்பு, ஆர்எஃப்சி 3931, இதற்கென 64 பிட் ஏவிபிக்களை (74, 75) கொண்டு வந்தது. இரண்டாம் பதிப்பிலேயே இருப்பவர்கள், இந்த எல்லையைத் தாண்டும் வேகத்துக்கு உச்ச எண்ணையே அனுப்புவது நல்லது.

பிடோக்: மறுக்கிறேன். தெரியாத வேகத்துக்குப் பொய்யான உச்ச எண்ணைவிடப் பூஜ்யமே நேர்மை.

மூன்றாம் பதிப்பில் நீங்கள் சொல்வது சரி. வேகத்தைத் தீர்மானிக்க முடியாதபோது அங்கே பூஜ்யத்துக்கு இடம் உண்டு. இரண்டாம் பதிப்பில் அப்படி ஒரு பொருள் எழுதப்படவில்லை. பூஜ்யத்தைக் கண்ட எல்என்எஸ் அதைக் கட்டுப்பாட்டுக் கணக்கில் இட்டால் பயனருக்கு எதுவும் போகாமல் நிற்கலாம்.

பிடோக்: அப்படியானால் 24ஐ அனுப்பாமலே விடலாமே?

ஐசிசிஎன்னில் 24 கட்டாயம். இவ்விரண்டில் விடுபடத்தக்கது 38 மட்டுமே. நேர்மை என்பது எண்ணில் மட்டும் இல்லை, மறுமுனை அதை எப்படிப் படிக்கும் என்பதிலும் இருக்கிறது. உங்கள் எல்என்எஸ் பூஜ்யத்தை எப்படி நடத்துகிறது என்று சோதித்துவிட்டு அனுப்புங்கள். சோதித்த பின் நானும் எதிர்க்கமாட்டேன்.

செங்காங்: இணைப்பின் நடுவில் லைன் வேகம் மாறினால்?

ஐசிசிஎன் தொடக்கத்தில் ஒரே முறைதான் போகும். பழைய எண்ணே நிற்கும். ஆர்எஃப்சி 5515 இதற்கெனப் புதுப்பிப்புச் செய்தியை வகுத்துள்ளது. இரு முனைகளிலும் அந்த ஆதரவு இருக்கிறதா என்று பாருங்கள்.

புக்கிட் பாத்தோக்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் படுக்கையறையில் வைஃபை மெதுவாக உள்ளது.

அது டனலின் வேலை இல்லை. முதலில் ரௌட்டரை அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுங்கள்.

பொங்கோல்: எங்களுக்குப் பதிவேற்றமும் பதிவிறக்கமும் மாறித் தெரிகின்றன.

ஜூரோங் அன்பருக்குச் சொன்னதைப் படியுங்கள். யாருடைய டிஎக்ஸ்?