தீர்ப்பு வந்தது, பென்ஷன் நின்றதா?

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர்: கருவூலத் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர், மஞ்சக்குப்பம், கடலூர்.

என் தம்பியை ஸ்டேஷனில் வைத்து அடித்த எஸ்.ஐ. வருகிற மே மாதம் ரிட்டயர் ஆகிறார். அதற்கப்புறம் அவரை ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்களே, உண்மையா சார்?
– பெயர் வேண்டாம், நெல்லிக்குப்பம்

உண்மையில்லை அம்மா. ஆனால் மே மாதத்துக்குள் ஒரு காகிதம் நகர்ந்தாக வேண்டும். ஓய்வு பெறும் நாளுக்கு முன்பே 3(பி) மெமோ, அதாவது துறையின் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, கையில் கொடுக்கப்பட்டுவிட்டால், விசாரணை ஓய்வுக்குப் பிறகும் தொடரும். அது முடியும் வரை அவருக்குத் தற்காலிக ஓய்வூதியம்தான் கிடைக்கும், பணிக்கொடையை விடமாட்டார்கள். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978-இல் 9-ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. மெமோ இல்லாமலே மாலை போட்டு அனுப்பிவிட்டால், பிறகு துறை விசாரணை தொடங்க அரசின் அனுமதி வேண்டும். சம்பவம் நடந்து நான்கு ஆண்டு தாண்டியிருந்தால் அதுவும் முடியாது.

அரசு ஆஸ்பத்திரியில் போட்ட ஏ.ஆர். காப்பி, அதாவது காயத்தைக் குறித்த விபத்துப் பதிவேட்டின் நகல், உங்களிடம் இருக்கிறதா? அதில் 'போலீசார் தாக்கியதாகக் கூறினார்' என்று எழுதியிருக்கிறதா, இல்லை 'கீழே விழுந்து' என்று எழுதியிருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள். ஸ்டேஷன் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி இன்றே ஒரு பதிவுத் தபால் போடுங்கள். பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதாக இருந்தாலும் கெடு ஓராண்டுதான்.

கோர்ட் தண்டித்துவிட்டால் மறுநாளே பென்ஷன் நின்றுவிடும்தானே?
– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் காலைப் பேப்பரில் ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவரின் படம். லாக்கப்பில் ஒருவரை அடித்த வழக்கில் தண்டனை. சில வாரம் கழித்து அவரே என் மேஜைக்கு முன்னால் நிற்கிறார், ஜாமீனில். வருடாந்திர நேர்காணலுக்கு வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "டி.ஏ. அரியர் எப்ப சார் வரும்?" என்று கேட்டார். நான் என்ன செய்ய முடியும்? பேப்பரில் வந்தது கருவூலத்துக்கு வந்ததாகாது. நிறுத்தச் சொல்லும் அரசாணை என் மேஜைக்கு வந்தபோது பதினோரு மாதம் ஓடியிருந்தது. அதுவரை மாதம் தவறாமல் பில் போட்டவன் நான்தான்.

தீர்ப்பு தானாகப் பென்ஷனை நிறுத்தாது. பணியில் இருக்கும்போதே தண்டனை பெற்றவரை, அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவுப்படி தனி விசாரணை இல்லாமலே டிஸ்மிஸ் செய்யலாம். டிஸ்மிஸ் ஆனால் பழைய சர்வீஸ் போச்சு, அதோடு பென்ஷனும் போச்சு. கருணைப்படி என்று ஒன்று கொடுக்கலாம், அதுவும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு தண்டனை பெற்றவருக்கு அந்த 1978 விதிகளில் 8-ஆவது விதி. கடுங்குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் பென்ஷனை முழுதாகவோ ஒரு பகுதியையோ, நிரந்தரமாகவோ சில காலத்துக்கோ நிறுத்தலாம். 'நிறுத்தலாம்' என்றுதான் இருக்கிறது, 'நிறுத்த வேண்டும்' என்று இல்லை.

அப்பீலில் தண்டனையை நிறுத்திவைத்தாலும், குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியேதான் நிற்கும். ஆனால் துறையில் அதைக் காட்டியே ஃபைலைக் கட்டிவைப்பார்கள். அதனால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, டி.ஜி.பி. அலுவலகத்துக்கும் உள்துறைச் செயலாளருக்கும் நீங்களே அனுப்புங்கள். ஒப்புகை அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. 1.4.2003 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இந்த 1978 விதிகளே பொருந்தாது. இன்று ஸ்டேஷனில் இருக்கும் பெரும்பாலான இளம் போலீசார் இந்த விதிக்கு வெளியே இருப்பவர்கள்.

எங்கள் ஊரில் 1993-இல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். தண்டனை கிடைக்க ஏன் அவ்வளவு நாள்?
– ஒரு வாசகி, விருத்தாசலம் வட்டம்

கம்மாபுரம் ஸ்டேஷனைச் சொல்கிறீர்கள். 1993-இல் விசாரணைக்கென்று அங்கே கொண்டுபோன ராஜாக்கண்ணு திரும்பவில்லை. உயர் நீதிமன்றத்தில் தண்டனை வந்தது 2006-இல். பதின்மூன்று வருடம். கருவூலக்காரனாகக் கணக்குப் போட்டால் 156 மாதச் சம்பளமோ பென்ஷனோ. அவர் மனைவி விடாமல் அலைந்திராவிட்டால் 2006-ம் வந்திருக்காது.

போலீஸ் மேல் புகாரை எங்கே கொடுப்பது? எங்களுக்குப் புதுச்சேரி, கடலூர் இரண்டும் பக்கம்.
– கன்னியக்கோயில் வாசகர்

உங்கள் ஊர் எல்லையைத் தாண்டினால் தொப்பியின் நிறம் மட்டுமல்ல, பென்ஷன் விதியும் மாறும். புதுச்சேரி போலீசுக்கு மத்திய அரசின் 2021 ஓய்வூதிய விதிகள். காவல் புகார் ஆணையமும் அங்கே உண்டு, அதில் மனுக் கொடுங்கள்.

கடலூர்ப் பக்கம் கதை வேறு. 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்டப் புகார் ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-இல் கொண்டுவந்த சட்டத்திலோ கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். தன் கீழே வேலை பார்க்கும் எஸ்.ஐ. மேல் வரும் புகாரை எஸ்.பி.யே உட்கார்ந்து கேட்பார். வேலிக்கு ஓணான் சாட்சி! மனித உரிமை ஆணையம் மேல் என்பேன். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லிவிட்டது.

நிறுத்திய பென்ஷன் பணத்தை அடிபட்ட குடும்பத்துக்குக் கொடுப்பார்களா?
– ஒரு வாசகர், பண்ருட்டி

மாட்டார்கள். அது அரசிடமே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பென்ஷனை சிவில் கோர்ட்டாலும் ஜப்தி செய்ய முடியாது, 1871-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் தடுக்கிறது. இழப்பீட்டை மனித உரிமை ஆணையத்திலோ உயர் நீதிமன்றத்திலோ தனியாகத்தான் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் உடனே பென்ஷனைப் பிடுங்கிவிடுவார்களாமே? மகன் சொன்னான்.
– ஒரு வாசகர், வடலூர்

சிகாகோவில் ஜான் பர்ஜ் என்று ஒரு போலீஸ் அதிகாரி. கைதிகளைச் சித்திரவதை செய்தவர் என்று 1993-இல் வேலையை விட்டு நீக்கினார்கள். 2010-இல் அவர் தண்டிக்கப்பட்டதோ, அந்தச் சித்திரவதை பற்றிப் பொய் சொன்னதற்காக. பென்ஷன் வாரியத்தில் ஓட்டு நாலுக்கு நாலு. பொய் சொன்னது வேலையை விட்டுப் போன பிறகுதானே என்று பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். பென்ஷன் தொடர்ந்தது. 2018-இல் இறந்தார். மகனிடம் சொல்லுங்கள்.

போலீஸ்காரர்கள் மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?
– முகவரி இல்லாத அட்டை

கோபமா? என் வீட்டு மாடியில் குடியிருப்பவர் ஓய்வு பெற்ற ஏட்டு. இந்தப் பக்கத்தை அனுப்பும் முன் அவரிடம்தான் வாசித்துக் காட்டுகிறேன். முதல் பதிலில் நான் 17(பி) என்று எழுதியிருந்தேன். "அது உங்க ஆபீஸ்காரங்களுக்கு சார், எங்களுக்கு 3(பி)" என்று திருத்தியவர் அவர்தான். தனக்கு வந்த இரண்டு மெமோவையும் எடுத்துவந்து காட்டினார். லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.