இலங்கையில் மண்சரிவு நடந்தால் முப்படையும் வருகிறதே, யார் யாருக்கு ஓடர் போடுவது?

மேலே இருப்பவர் ஜனாதிபதி, அரசியலமைப்பின்படி முப்படைகளுக்கும் அவர்தான் தலைமைத் தளபதி. இராணுவம், கடற்படை, விமானப்படை ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தளபதி உண்டு. பலர் குழம்புவது பாதுகாப்புப் பதவிநிலைப் பிரதானி விஷயத்தில்தான். அவர் முப்படைக்கும் பொதுவான அதிகாரி, 2009-இல் வந்த 35-ஆம் இலக்கச் சட்டம் அந்தப் பதவிக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது, ஆனால் ஒரு படையணியைக் கூப்பிட்டு "நீ போ" என்று நேரடியாகச் சொல்வது அவர் வேலை இல்லை, மூன்று படையும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் ஒரே திட்டத்தில் நடக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

சரி, நம்ம மலைக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போன அன்று பண்டாரவளைப் பக்கம் இருந்து மழையில் பச்சை லொறிகள் வரிசையாகப் போனதைப் பார்த்தேன், முழங்கால் வரை சேற்றோடு இராணுவப் பையன்கள் மண்வெட்டி பிடித்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பையனுக்கு உத்தரவு அவனுடைய படை அதிகாரியிடமிருந்துதான் வரும். ஆனால் எந்தத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும், சனத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கவைப்பது என்பதெல்லாம் மாவட்டச் செயலாளரும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் பார்க்கிற விஷயம், 2005-ஆம் ஆண்டு அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தில் வந்த ஏற்பாடு அது. அதனால் உங்கள் லயத்துக்கு மேலே நிலம் வெடித்தால் இராணுவக் கேம்பைத் தேடி ஓடாதீர்கள், முதலில் கிராம சேவகருக்கோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கமான 117-க்கோ சொல்லுங்கள்.