எண்ணூர் யார்டில் பொய் அலாரம்: ஜாமர் வேண்டாம்

ட்ரோனின் ரேடியோ தொடர்பை முடக்கும் ஜாமர் கருவியை வாங்காதீர்கள். வானில் ஒன்றுமே இல்லாதபோதும் ரேடியோ அலையைக் கேட்டு ட்ரோனைக் கண்டறியும் உங்கள் கண்டெய்னர் யார்டு கருவி இரவெல்லாம் அலறுகிறது என்றால், அது பெரும்பாலும் வைஃபையைத்தான் பிடிக்கிறது. பல ட்ரோன் ரிமோட்டுகளும் வைஃபையின் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகின்றன. அடுக்கிய இரும்புப் பெட்டிகளில் பட்டுத் திரும்பும் அலை, திசையையும் குழப்பிவிடும்.

வாட்ச்மேன் அறை ரவுட்டரையும் வயர்லெஸ் கேமராக்களையும் பத்து நிமிடம் அணைத்துப் பாருங்கள். அலாரம் ஓய்ந்தால் கேமராக்களைக் கேபிளுக்கு மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பதிவு செய்த பாதையில் ஜிபிஎஸ் துணையோடு வரும் ட்ரோன் ரேடியோ அலையே வீசாமல் பறக்கலாம். அதற்கு இந்தக் கருவி செவிடு. ரேடார் பிடிக்கும், காசிமேட்டில் மீனுக்கு வட்டமிடும் பருந்தையும் சேர்த்தே பிடிக்கும்! கேமராவில் பார்த்து உறுதிசெய்ய ஆள் வேண்டும்.

மத்திய அரசின் அனுமதியின்றித் தனியார் ஜாமர் இயக்குவது குற்றம். ட்ரோனைக் கண்டால் 112-ஐ அழையுங்கள்.