ஊகம் முதலில், விளக்கம் பிறகு: மண்ணியல் ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கல்லூரியில் மண்ணியல் நடத்துகிறேன். 60 மாணவர்கள், 50 நிமிட வகுப்பு. மண்ணில் நீர் இறங்குவதைப் படம் போட்டு விளக்கினால் தலையாட்டுகிறார்கள். தேர்வில் அடிப்படைக் கேள்விக்கே தடுமாறுகிறார்கள். வகுப்பறையிலேயே அவர்களை யோசிக்கவைக்க என்ன செய்யலாம்?

பதில்: விளக்கத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். "மேலே நுண்துகள் மண், கீழே பருமணல். மேலிருந்து இறங்கும் நீர் இரண்டும் சேரும் இடத்தில் என்ன செய்யும்?" என்று கேளுங்கள். வேகம் கூடும், அதே வேகத்தில் போகும், நின்றுவிடும்: மூன்றில் ஒன்றைத் தாளில் எழுதட்டும். கை தூக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். பிறகு எழுதியதை எல்லோரும் ஒரே நேரத்தில் காட்டட்டும். சரியான விடை 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், மாறுபட்ட விடை எழுதிய இருவர் இருவராக 3 நிமிடம் வாதாடட்டும். பிறகு மறுபடி எழுதட்டும். 30-க்கும் கீழே என்றால் வாதாட அடிப்படையே இல்லை, ஒரு குறிப்புக் கொடுங்கள்.

விடையை நீங்கள் சொல்ல வேண்டாம், மண்ணே சொல்லட்டும். ஒளி ஊடுருவும் உருளையில் 1–2 மி.மீ. உலர்ந்த பருமணலை 5 செ.மீ. நிரப்பி, அதன்மேல் சலித்த உலர் மண்ணை 10 செ.மீ. போடுங்கள். சாயம் கலந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஈர விளிம்பை 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாணவர்கள் வரையட்டும். மணலைத் தொட்டதும் விளிம்பு நின்று, மேல்மண் பக்கவாட்டில் நனையும். சிறு துளைகள் நீரை இறுகப் பிடித்திருக்கின்றன; மணலின் பெருந்துளைகளால் அதை இழுக்க முடியாது. எல்லையில் மண் ஏறக்குறைய நீரால் நிறைந்த பிறகே நீர் கீழே இறங்கும்.

இரண்டு இடங்களில் இது சொதப்பும். உருளையின் அடியில் துளை இல்லாவிட்டால் அடைபட்ட காற்றே நீரைத் தடுக்கும். கூர்மையான மாணவர் அதைக் கேட்டுவிடுவார், கேட்கவும் வேண்டும். நீரை வேகமாக ஊற்றினால் சுவரோரமாக ஓடிவிடும். ஓரத்து மண்ணை நன்றாக அழுத்தி, நடுவில் மட்டும் விடுங்கள்.

கேள்வி: கையால் மண் நயம் (மணல், வண்டல், களி எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது) பார்க்கும் பயிற்சியில் ஒரே மண்ணுக்கு ஆளுக்கொரு விடை வருகிறதே?

பதில்: பெரும்பாலும் பிசைவதில்தான் குறை. 2 மி.மீ. சல்லடையில் சலித்த மண் சுமார் 25 கிராம் எடுத்து, சிறிது சிறிதாக நீர் சேர்த்து, கட்டி முழுவதும் உடையும்வரை பிசைய வேண்டும். பாதி பிசைந்த களிக்கட்டி விரலுக்கு மணல்போல நெருடும். பிறகு அதைக் கட்டைவிரலால் சுட்டுவிரல்மேல் தள்ளி நாடாபோல நீட்ட வேண்டும். நீர் குறைந்தால் நாடா சீக்கிரம் ஒடியும்; கூடினால் கையில் ஒட்டும். நாடா 2.5 செ.மீ.-க்குள் ஒடிந்தால் களி குறைவு, 2.5–5 என்றால் நடுத்தரம், 5-ஐத் தாண்டினால் களி மிகுதி. முதலில் ஆய்வக முடிவு தெரிந்த மூன்று மண்களில் விரலைப் பழக்குங்கள். பிறகு பெயர் மறைத்த மாதிரிகளைக் கொடுத்து, ஊகத்தை எழுதி வாங்கிக்கொண்டு, நீரடர்த்திமானி (மண் கலந்த நீரின் அடர்த்தியை அளந்து துகள் விகிதத்தைக் கணிக்க உதவும் கருவி) முடிவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். தவறியவர் நாடாவில் தவறினாரா, நெருடலில் தவறினாரா என்று அவரே கண்டுபிடிக்கட்டும். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

கேள்வி: குழுவில் ஒருவரே எல்லா வேலையும் செய்கிறார்.

பதில்: மூன்று பேருக்கு மேல் குழு வேண்டாம். விடை சொல்ல வேண்டியவரைக் கடைசி நிமிடத்தில் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள்.