புறக்கடைக் கேள்விகள்: குப்பையில் வளரும் கோழித்தீனி

போன இதழில் கோழிக்குஞ்சுகளுக்குப் பானையைக் கவிழ்த்துக் கரையான் பிடிப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கரையானை விட்டுவிட்டு வேறொரு புழுவைப் பற்றியே கேட்கின்றன. சரி, இந்த முறை முழுக்கப் புழுதான். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கை கழுவிவிட்டு வாருங்கள்.

சமையலறைக் கழிவு போடும் டிரம்மில் சாம்பல் நிறத்தில் தட்டையான புழுக்கள் நெளிகின்றன. சுண்ணாம்பு தூவியும் போகவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, திண்டுக்கல்

முதல் வேலையாகச் சுண்ணாம்பை நிறுத்துங்கள். ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், மனம் வரவில்லை என்றால் ஒரு தட்டில். வீட்டு ஈயின் புழு வெள்ளையாக, வழவழவென்று, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு முனை கூர்மையாக இருக்கும். நீங்கள் சொல்வது தட்டையாக, உடம்பு முழுக்க வரிவரியாக, தொட்டால் சொரசொரவென்று இருக்குமே, அதுவா? வளர்ந்தது இரண்டு சென்டிமீட்டர் வரும். முற்ற முற்ற நிறம் கறுத்துக்கொண்டே போகும். அப்படியென்றால் அது பிளாக் சோல்ஜர் ஃப்ளை, நம் ஊர்ப் பண்ணைக்காரர்கள் பி.எஸ்.எஃப். என்பது. எனக்கு அது சிப்பாய் ஈ.

அமெரிக்கக் கண்டத்து ஈ. இப்போது வெப்பமான ஊர்களில் எல்லாம் பரவிவிட்டது. பறக்கும் ஈயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கறுப்பாக, ஒல்லியாக, கால் நுனி வெள்ளையாக இருக்கும். குளவி என்று நினைத்துச் செருப்பால் அடித்திருப்பீர்கள், நானும் அடித்திருக்கிறேன். அது கொட்டாது. இரை தின்பதும் இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் ஒரு வாரம், பத்து நாள் ஓட்டிவிட்டுப் போய்விடும். அதனால் உங்கள் சாம்பாரிலோ பலகாரத்திலோ வந்து உட்கார அதற்கு அவசியமே இல்லை. இந்தப் புழு மண்டிய இடத்தில் வீட்டு ஈயும் குறைந்துவிடும். கோழி இருந்தால் தாராளமாகப் போடுங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்கிப் போக ஆள் வருவார்கள்.

காய்கறி மார்க்கெட் பக்கத்தில் இருக்கிறேன். தினமும் 10 கிலோ கழிவு எடுத்து வர முடியும். 30 நாட்டுக்கோழிகள் வைத்திருக்கிறேன். இந்தப் புழுவை வளர்த்தால் தீவனம் வாங்குவதையே நிறுத்திவிடலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

முடியாது. எதனால் என்று கணக்குப் போட்டே சொல்கிறேன். வீடியோக்களில் யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

சோறு, பழம், காய் என்று கலந்து வரும் கழிவு 100 கிலோ போட்டால், எல்லாம் சரியாக நடந்தால், 20 கிலோ உயிர்ப்புழு கிடைக்கும். ஆனால் உங்கள் மார்க்கெட்டில் கிடைப்பது கோஸ் இலையும் அழுகிய தக்காளியும். அவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். 10 கிலோ கோஸில் உலர்ந்த சரக்கு ஒரு கிலோகூடத் தேறாது. அதிலிருந்து முக்கால் கிலோ புழு வந்தாலே பெரிது. அந்தப் புழுவிலும் மூன்றில் இரண்டு பங்கு ஈரம். மீதி 250 கிராமில் புரதம் நூற்றுக்கு நாற்பது என்றால், 100 கிராம். முட்டையிடும் கோழிக்கு நாளைக்குச் சுமார் 16 கிராம் புரதம் வேண்டும். முப்பதுக்கும் சேர்த்து கிட்டத்தட்ட அரை கிலோ. ஆக, தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. கருவாட்டுத் தூளும் சோயாப் புண்ணாக்கும் வாங்குவதில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், அவ்வளவுதான். மக்காச்சோளமும் தவிடும் வாங்கத்தான் வேண்டும். புழுவையே வயிறு முட்டப் போட்டால் கொழுப்பு அதிகமாகிக் கோழி கழியும்.

இதற்கு மேலும் வளர்க்கத் தோன்றினால், உங்கள் முதல் எதிரி ஈரம். நான் பட்டதைச் சொல்கிறேன். ஆரம்பித்த வருஷம், ஒரு ஐப்பசி மழை இரவு. தொட்டிக்கு மேல் தகரத்தில் ஓட்டை இருந்தது எனக்குத் தெரியாது. தக்காளிக் கழிவே தளதளவென்று இருந்தது, அதில் மழைத் தண்ணீரும் சேர்ந்ததும் புழுக்கள் மூச்சு முட்டிச் சுவரேறி வெளியே வந்துவிட்டன. ஈரமான சுவர் அவற்றுக்குப் படிக்கட்டு மாதிரி. விடியற்காலை நாலரைக்கு என் மாமியார் கோலம் போட எழுந்தவர், சாமி அறை வாசலில் நின்று கூப்பிடுகிறார்: “என்ன கண்ணு இது, படையலா?” நிலைப்படி முழுக்கப் புழு. முறத்தில் அள்ளினோம், இரண்டு முறம் வந்தது. ஒரு வாரத்துக்கு நான் வாய் திறக்கவில்லை.

அதற்கு அப்புறம் கோஸோ தக்காளியோ அப்படியே தொட்டியில் போனதில்லை. நறுக்கி, சாக்கில் கட்டி, ஒரு ராத்திரி தொங்கவிட்டு வடிய விடுகிறேன். காலையில் தவிடு கலந்து பிசைகிறேன். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. ஒழுகினால் இன்னும் தவிடு, இல்லையென்றால் தேங்காய் நார்த்தூள். மூன்று விரல் உயரத்துக்கு மேல் கொட்டாதீர்கள். அடியில் காற்றில்லாமல் புளித்து நாறும். நாற்றம் வந்தால் குற்றம் புழுவிடம் இல்லை, அது தின்கிற அளவுக்கு மேல் நாம் போட்டிருக்கிறோம்.

ஹோட்டல் எச்சில் சோறு, கோழிக்கடைக் கழிவு போடலாமா?
– வாசகர், கரூர்

புழு தின்றுவிடும். ஆனால் நீங்கள் வளர்ப்பது யாருக்கு என்று யோசியுங்கள். கோழிக் கழிவில் வளர்ந்த புழுவைத் திரும்பக் கோழிக்கே போடுவதை நான் செய்யமாட்டேன். ஐரோப்பாவில் மீன் தீவனத்துக்கு இந்தப் புழுவை 2017-இலும், கோழி, பன்றித் தீவனத்துக்கு 2021-இலும் அனுமதித்தார்கள். ஆனால் ஹோட்டல் மிச்சமும் சாணமும் போட்டு வளர்க்க இன்றும் விடுவதில்லை. மாட்டின் எலும்புத்தூளை மாட்டுக்கே தீனியாகப் போட்டதில் பரவிய பைத்திய மாட்டு நோயில் சூடு பட்டவர்கள் அவர்கள். இன்னொன்று, காட்மியம் போன்ற உலோகம் தீனியில் இருந்தால் புழுவின் உடம்பில் தங்கிவிடும். தொழிற்சாலைப் பக்கத்துக் குப்பையைத் தொடாதீர்கள். ஹோட்டல் சோறு என்றால் நம்மூரில் ரப்பர் பேண்டும் பாலித்தீனும் இல்லாமல் வராது. அதைப் பொறுக்கியே பாதி நாள் போய்விடும்.

இந்த ஈயின் முட்டையைக் கிராம் கணக்கில் விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, பவானி

ஒரு கிராமில் முப்பதாயிரம் முட்டைக்கு மேல் இருக்கும். பொரித்தால் அத்தனைக்கும் தீனி போட உங்களால் முடியுமா? நானும் ஒருமுறை வாங்கினேன், பார்சல் வெயிலில் கிடந்து வந்தது, ஒன்றும் பொரியவில்லை. வீட்டுக் கொல்லையில் மரநிழல் இருந்தால் ஈ தானாகவே வரும். புளித்த தவிட்டை ஒரு வாளியில் வைத்து, அதற்கு மேல் தவிட்டின் ஈரம் எட்டாத உயரத்தில் அட்டைப் பெட்டியைக் கிழித்து, அந்த வரிவரியான ஓட்டைகள் தெரியும்படி கட்டுங்கள். ஈரத்தில் இந்த ஈ முட்டை இடாது, காய்ந்த சந்துதான் வேண்டும். நாலு நாளில் பொரிந்து கீழே விழும்.

புழுவைக் கழிவிலிருந்து எப்படிப் பிரிப்பது? சல்லடையில் நசுங்கிவிடுகிறது.
– வாசகர், தாராபுரம்

சலிக்கவே வேண்டாம். முற்றிக் கறுத்த புழு தீனியை நிறுத்திவிட்டு, கூட்டுப்புழுவாகக் காய்ந்த இடம் தேடிக் கிளம்பும். தொட்டிக்குள் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, அதன் மேல் முனைக்குக் கீழே வெளியே ஒரு வாளி, உள்ளே கொஞ்சம் உமி. ராத்திரியில் தானே ஏறி வந்து விழும். வாளிக்கு வலை கட்டுங்கள். எங்கள் வீட்டில் கோழி இறங்குவதற்கு முன்பே மைனாக்களுக்கு விடிந்துவிடுகிறது.