ஆள் வெளிநாட்டில், வேலை யார் தலையில்? கேள்வி பதில்

2015இல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வின்படி சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டினர் வெளிநாட்டில் இருந்தார்கள். பெரும்பாலோர் ஆண்கள். சிங்கப்பூர், அமீரகம், சவூதி ஆகியவை முன்வரிசை. போனவர் ஊரில் செய்துவந்த வேலை என்ன ஆகிறது என்பதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, வேளாண் விரிவாக்கமும் கூட்டுறவுக் கடனும் நன்கு தெரிந்த ஒருவர் பதில் தருகிறார். கிழக்கிலங்கையிலிருந்தும் ஒரு கேள்வி வந்திருக்கிறது.

திருவாடானையிலிருந்து: அக்கா, வீட்டுக்காரர் குவைத்தில். வானம் பார்த்த பூமி மூன்று ஏக்கர். மாமனாருக்கு எழுபது தாண்டிவிட்டது. நடவுக்கு ஆள் கிடைக்காமல், காய்ந்த மண்ணில் நெல்லை நேராக விதைக்கும் புழுதி விதைப்புக்கு மாறினோம். களை பயிரை அமுக்கிவிடுகிறது. மருந்தடிக்க வரும் ஆள் அவசர அவசரமாக முடித்துவிட்டுப் போகிறார், பலன் இல்லை. நானே அடிக்கலாமா?

அடிக்கலாம். ஆனால் கோளாறு விதைப்பிலேயே தொடங்குகிறது. கையால் வீசினால் ஏக்கருக்கு 40 கிலோ விதை போகும், வரிசை இருக்காது, களையெடுக்க இறங்கினால் பயிரை மிதிக்காமல் நடக்க முடியாது. டிராக்டரில் மாட்டும் விதைப்புக் கருவியில் 30 கிலோ போதும். வரிசைக்கு நடுவே கைக்களைக்கருவியை நீங்களே தள்ளலாம். வேளாண் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேளுங்கள், ஆவணி பிறந்ததும் பதிந்துவிடுங்கள். மேகம் திரண்ட பிறகு ஊரே அந்த ஒரு கருவிக்கு நிற்கும்.

முதல் மழையில் மண் நனைந்த ஐந்து நாளுக்குள், களை முளைக்குமுன் அடிக்கும் களைக்கொல்லியான பெண்டிமெத்தலின் 30 சதம், ஏக்கருக்குச் சுமார் 1.3 லிட்டர். மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் வேலை செய்யாது. விதை மண்ணுக்கு மேலே தெரிந்து கிடந்தால் முளைப்பையும் கெடுக்கும், கைவிதைப்பில் இது அடிக்கடி நடக்கிறது. அந்த நாள் தவறினால் 15 முதல் 20ஆம் நாளுக்குள், களை இரண்டு மூன்று இலையில் இருக்கும்போதே, முளைத்த களைக்கு அடிக்கும் பிஸ்பைரிபேக் சோடியம் 10 சதம் ஏக்கருக்கு 100 மில்லி. களை முழங்கால் உயரம் வந்தபின் அடிப்பது காசைக் கரைப்பது.

இனி அந்த அவசர ஆள். 16 லிட்டர் டேங்க் என்றால் ஏக்கருக்குப் பத்து டேங்காவது போக வேண்டும், அதாவது பிஸ்பைரிபேக் டேங்குக்கு 10 மில்லி. அவர் ஆறு டேங்கில் கரையேறினால் 60 மில்லிதான் வயலில் விழுந்திருக்கிறது. கூலியை ஏக்கருக்குப் பேசாதீர்கள், டேங்குக்குப் பேசி வரப்பில் நின்று எண்ணுங்கள். நீங்களே அடிப்பதானால் நிறைந்த டேங்க் 20 கிலோவைத் தாண்டும், தோள் தாங்காது. பாதி டேங்க், 8 லிட்டர் தண்ணீர், 5 மில்லி பிஸ்பைரிபேக். பழக்கதோஷத்தில் முழு டேங்க் அளவை ஊற்றினால் இரட்டிப்பாகிப் பயிர் மஞ்சளடிக்கும். நாசில் தட்டையாக விசிறி மாதிரி அடிப்பதாக இருக்கட்டும். பூச்சிமருந்துக்குப் போடும் கூம்பு நாசில் களைக்கொல்லிக்கு ஆகாது. கர்ப்பமாக இருந்தாலோ, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தாலோ நீங்கள் அடிக்கவே கூடாது.

காளையார்கோவில் பக்கத்திலிருந்து: உழுவதிலிருந்து அறுப்பதுவரை நான்தான் பார்க்கிறேன். ஆனால் பயிர்க்கடன், காப்பீடு, நெல் போட்ட பணம் எல்லாம் அவர் பெயரில். ஓடிபி அவர் நம்பருக்குப் போகிறது, அந்த சிம்மும் செத்துவிட்டது. என்ன வழி, மேடம்?

வேலை பெண் கைக்கு வந்து பத்து இருபது வருடமாகிவிட்டது, பட்டா மட்டும் வரவில்லை. வெளிநாட்டுப் பணம் வரும் ஊர்களில் இதுதான் பெரிய முடிச்சு. மூன்று வழி இருக்கிறது.

உடனே செய்யக்கூடியது அடங்கல், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கு. கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, சாகுபடி செய்பவராக உங்கள் பெயரை இந்தப் பசலி (வருவாய்த் துறை ஆண்டு) அடங்கலில் ஏற்றுங்கள். பயிர்க் காப்பீட்டுக்கும் நேரடி கொள்முதல் நிலையப் பதிவுக்கும் முதலில் கேட்பது அடங்கல்தான். உங்கள் ஆதார், உங்கள் வங்கிக் கணக்கு, உங்கள் போன் நம்பரோடு பதிய அது வழிவிடும். விதைத்த கையோடு செய்ய வேண்டும். சம்பாவுக்குக் காப்பீட்டுக் கெடு பொதுவாக நவம்பர் நடுவில் முடியும், விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்.

இரண்டாவது, பவர், அதாவது அவர் சார்பில் நீங்கள் செயல்பட அவர் எழுதித் தரும் அதிகாரப் பத்திரம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அவர் கையெழுத்திட்டு சான்று வாங்கி அசலை அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படம் எதற்கும் உதவாது. இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பலர் பீரோவில் வைத்துவிட்டு நான்காம் மாதம் போய் நிற்கிறார்கள். "என் சொத்துகளை நிர்வகிக்க" என்று ஒரே வரியில் எழுதினால் வங்கியில் திருப்பி அனுப்புவார்கள். பயிர்க்கடன் வாங்க, நகையீடு திருப்ப, காப்பீடு பெற, நெல் விற்றுப் பணம் பெற, பட்டா மாற்ற, குத்தகைக்கு விட என்று ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பவருக்கு ஒரு பலவீனம் உண்டு: கொடுத்தவர் இறந்தால் அன்றோடு அதுவும் முடிந்தது. வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போனவர் வீட்டில் இதை யோசிக்காமல் இருக்க முடியாது.

மூன்றாவது, தான செட்டில்மெண்ட். நீங்கள் உழும் நிலத்தை அவர் உங்கள் பெயருக்கே எழுதிவைப்பது. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. இந்த உச்சவரம்பு 2023 ஜூலையிலிருந்து. அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரியாத நிலம் என்றால் முதலில் பாகப்பிரிவினை ஆக வேண்டும். அவர் விடுப்பில் வரும் முதல் வாரத்திலேயே பதிவை முடியுங்கள். உட்பிரிவு இருந்தால் சர்வேயர் அளந்து தனிப்பட்டா வர நாளாகும். கடைசி வாரத்தில் ஓடினால் அடுத்த விடுப்புவரை இழுக்கும். என் கருத்தைக் கேட்டால் மூன்றாவதுதான். மாமனார் வீட்டில் முகம் சுளிப்பார்கள். பேச வேண்டியது உங்கள் வீட்டுக்காரர்தான், நீங்கள் அல்ல.

துபாயிலிருந்து: ஊரில் இரண்டு ஏக்கர் நஞ்சை விலைக்கு வருகிறது. என் பெயரில் வாங்கட்டுமா, மேடம்?

முடியாது, தம்பி. அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டு வேலையில் இருப்பவர் இந்தியாவில் விவசாய நிலம் விலைக்கு வாங்கக் கூடாது. பரம்பரையாக வந்ததை வைத்திருக்கலாம், வேலைக்குப் போகுமுன் வாங்கியதையும் வைத்திருக்கலாம். மனைவி ஊரில்தானே இருக்கிறார், அவர் பெயரில் வாங்குங்கள். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் மதிப்புவரை பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அப்படியே உங்கள் பழைய சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிடுங்கள். பி.எம். கிசான் 6,000 ரூபாய் உங்கள் பெயரில் வந்துகொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். வெளிநாடுவாழ் இந்தியருக்கு அது கிடையாது, பின்னால் வசூலிக்க வருவார்கள்.

அறந்தாங்கியிலிருந்து: ஆண்கள் வெளிநாடு போனால் பெண்களுக்கு அதிகாரம் வருகிறது என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். எங்கள் தெருவில் அப்படித் தெரியவில்லையே?

உங்கள் தெரு சொல்வதும் சரிதான். சோனால்டே தேசாயும் மஞ்சிஷ்டா பானர்ஜியும் 2008இல் வெளியிட்ட ஆய்வு உள்நாடு, வெளிநாடு என்று கணவன் வேலைக்குப் போன இந்தியக் குடும்பங்களைப் பார்த்தது. தனிக்குடித்தனத்தில் இருக்கும் மனைவிக்கு முடிவெடுக்கும் பொறுப்பும் நடமாட்டமும் கூடுகிறது. மாமியார் மாமனாரோடு இருப்பவருக்குப் பெரிதாக மாறுவதில்லை. கணவனின் இடத்துக்கு அங்கே வேறு ஒருவர் தயாராக இருக்கிறார்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். மாதம் பணம் வர ஆரம்பித்ததும் "நீ ஏன் அடுத்தவன் வயலில் இறங்குகிறாய்" என்று கூலி வேலையை நிறுத்திவிடுவார்கள். சொந்த வயல், மாடு, மாமியாரின் ஆஸ்பத்திரி, ரேஷன், வீடு கட்டும் இடத்தில் கொத்தனாருக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் கூடும். கையில் காசு வந்த வேலை போய், காசு இல்லாத வேலை வந்து உட்காருகிறது. 2019இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் வீட்டுவேலை செய்யும் பெண் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 299 நிமிடம், ஆண் 97. அந்த 97உம் விமானம் ஏறிவிட்டால் யார் செய்வது?

மட்டக்களப்பிலிருந்து: அக்கா, நான் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போக யோசிக்கிறன். மூத்தவளுக்கு 13 வயசு, சின்னவனுக்கு 4. அவர் கடல் தொழில். அம்மா பார்ப்பா எண்டு சொல்லுறா. எதை ஒழுங்கு செய்திட்டுப் போகவேணும்?

ஆண் போனால் அவன் வேலை பெண் தலையில் விழுகிறது. பெண் போனால் அவள் வேலை கணவன் தலையில் விழுவது குறைவு. அம்மம்மாவிடம் போகும், அம்மம்மாவால் முடியாததெல்லாம் மூத்த மகளிடம் போகும். இலங்கையிலிருந்து 1990களின் நடுவில் புறப்பட்டவர்களில் பெரும்பான்மை பெண்கள்தான். அத்தனை வருட அனுபவம் காட்டுவது இதைத்தான்.

சட்டப்படி 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை முறையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாமல் இருந்தது. 2022இல் அந்த எல்லை இரண்டு வயதுக்கு இறங்கியது. ஆகவே 4 வயது தடையாக இராது, ஆனால் பிள்ளைகளைப் பார்ப்பவர் யார் என்று பிரதேச செயலகத்தில் காட்ட வேண்டும். அந்தப் படிவத்தை வெறும் கையெழுத்தாக நினைக்காமல் வீட்டில் உட்கார்ந்து பேச ஒரு சாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பெயரை மட்டும் போட்டால் அவர் படுக்கையில் விழுந்த அன்று எல்லாம் நின்றுவிடும். இரண்டாவது ஆளாக உங்கள் கணவரின் அக்காவோ உங்கள் தங்கச்சியோ இருக்கட்டும்.

அவர் விடிய முன்னம் கடலுக்குப் போனால் காலைச் சமையலை அவரிடம் எதிர்பார்க்க முடியாது. வந்து வலை உலர்த்தியபின் இருக்கும் நேரத்தில் செய்யக்கூடியதைப் பெயர் சொல்லிப் பிரியுங்கள்: சின்னவனைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, கிளினிக், தண்ணீர், இராச் சமையல். "உதவி செய்யுங்கோ" என்று பொதுவாகச் சொன்னால் ஒரு மாதத்தில் அது மகள் கைக்கு வந்துவிடும். அவள் வகுப்பு ஆசிரியரின் நம்பரை எடுத்துவைத்து, மாதத்துக்கு ஒருமுறை எத்தனை நாள் வரவில்லை என்று நீங்களே கேளுங்கள். வீட்டு நிலைமை முதலில் தெரிவது அந்த எண்ணிக்கையில்தான்.

பணத்தை உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். அங்கிருந்து அம்மாவின் கணக்குக்கு மாதச் செலவு தானாகப் போக வங்கியில் நிலையான கட்டளை கொடுக்கலாம். முழுச் சம்பளத்தையும் வேறொருவர் கணக்கில் போட்டுவிட்டு, திரும்பி வந்து பூச்சியத்திலிருந்து தொடங்கிய பெண்கள் ஏராளம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல், விசிட் விசாவில் மட்டும் போய்விடாதீர்கள்.

மன்னார்குடியிலிருந்து: எங்களுக்கு நிலமும் இல்லை, வெளிநாட்டில் ஆளும் இல்லை. நடவுக்கு இப்போது மேற்கு வங்கம், பீகார் குழுக்களைக் கூப்பிடுகிறார்கள். நாங்கள் என்ன செய்வது, அம்மா?

மிராசுதார் அவர்களைக் கூப்பிடுவது கூலி குறைவு என்பதால் மட்டும் இல்லை. ஏக்கர் கணக்கில் பேசி, நாற்றுப் பறியல் முதல் நடவுவரை ஒரே நாளில் முடித்துவிட்டுப் போகிறார்கள். நிலத்துக்காரர் சிங்கப்பூரில் இருந்தால் நாள்கூலி ஆளை மேற்பார்க்க ஆள் இல்லை, அதனால் ஒப்பந்தம் அவருக்கு வசதி. அதே மாதிரி பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஏக்கருக்குப் பேசுவது ஒரு வழி.

இன்னொன்று பாய் நாற்றங்கால், எந்திர நடவுக்காகத் தட்டில் பாய் போல நாற்று வளர்ப்பது. நடவு எந்திரம் வைத்திருப்பவருக்கு நாற்று வேண்டும், வளர்க்க அவருக்கு நேரமில்லை. ஏக்கருக்கு 80 முதல் 100 தட்டு, 14 முதல் 18 நாள் நாற்று. எந்திரம் வரும் தேதியை முன்பணத்தோடு உறுதிசெய்த பிறகே விதையுங்கள். 20 நாளைத் தாண்டினால் வேர் பின்னி, எந்திரத்தின் விரல் நாற்றைக் கிழிக்கும், வாங்க மாட்டார்கள். மண் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தூக்கும்போதே பாய் உடையும்.

திருமயத்திலிருந்து: சவூதியில் பல வருடம் ஏசி மெக்கானிக். ஊருக்கே வந்துவிட்டேன். வீட்டில் எல்லாக் கணக்கும் மனைவிதான் பார்க்கிறாள், எனக்கு வேலையே இல்லாத மாதிரி இருக்கிறது.

கணக்கை அவரிடமே விட்டுவிடுங்கள், தம்பி. பாஸ்புக்கைத் திரும்ப வாங்குவதுதான் வந்தவர்கள் செய்யும் முதல் வேலை. வீட்டில் சண்டையும் அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் கையில் தொழில் இருக்கிறது. ஏசி, பிரிட்ஜ் பழுதுபார்க்கும் கடைக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் திட்டச் செலவுவரை போகலாம். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவு ஆணுக்கு மானியம் 25 சதவீதம், சொந்தப் பங்கு 10. பெண் விண்ணப்பித்தால் மானியம் 35, சொந்தப் பங்கு 5. ஒரு குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான், ஆகவே மனைவி பெயரில் போடுங்கள். அவர்தான் கணக்கு பார்க்கிறார், வங்கி மேலாளர் கேட்கும் கேள்விக்கு அவரால் பதில் சொல்லவும் முடியும்.

கமுதியிலிருந்து: நிலத்துக்காரர்கள் மலேசியாவில். நாலு வருடம் தரிசு, முழுக்கச் சீமைக்கருவேலம். குத்தகைக்கு எடுத்தால் தேறுமா?

மரம் உங்களுக்கு லாபம், தூர் உங்களுக்கு நட்டம். கரிமூட்டம் போடுபவர் வெட்டிக்கொண்டு காசு கொடுப்பார், ஆனால் தரையோடு வெட்டிப் போனால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும். தூரைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கும் செலவு யாருடையது, மரம் விற்ற காசு யாருக்கு என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்குக் குறைந்து எடுக்காதீர்கள், முதல் வருடம் நிலத்தைத் திருத்தவே போய்விடும். குத்தகைச் சட்டத்துக்குப் பயந்து நிலத்துக்காரர் எழுத்தில் தர யோசிப்பார். அப்படியானால் ஊரில் இருக்கும் அவர் அண்ணன் தம்பி ஒருவர் முன்னிலையில் பேசி, வருடக் குத்தகையை வங்கி மூலம் மட்டும் அனுப்புங்கள். கையில் கொடுத்த காசுக்கு எந்த ஆதாரமும் இருக்காது.