ரைசன் 5 5600எக்ஸ் செயலியை ஓவர்கிளாக் செய்யலாமா? லாபம் அதிகமா, ஆபத்து அதிகமா?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இது: ரைசன் 5 5600எக்ஸ், பி550 மதர்போர்டு, ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டு, செயலியின் பெட்டியோடு வந்த கூலர், 1080 தெளிவில் 144 ஹெர்ட்ஸ் திரை. ஊர் மதுரை, அறையில் ஏ.சி. இல்லை. செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்கள் எல்லாவற்றையும் 4.7 கிகாஹெர்ட்ஸில் பூட்டி ஓட்டும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, தானும் அப்படி ஓவர்கிளாக் செய்யலாமா (தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் செயலியை ஓட்டலாமா), செயலி கருகிவிடுமா என்று கேட்கிறார்.

அந்த முறையில் வேண்டாம் என்பதே என் பதில். கருகிவிடும் என்ற பயத்தில் சொல்லவில்லை. இந்தச் செயலி 95 டிகிரியைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால் கணினி அணைந்துவிடும். உங்களுக்குக் கிடைக்கப்போகும் லாபம் சொற்பம் என்பதும், அதற்கு ஈடாக வரும் தொல்லை எளிதில் கண்ணில் படாத வகை என்பதும்தான் காரணம்.

ஓவர்கிளாக் என்றாலே இன்றும் பலருக்குக் கண் விரிவதற்குப் பழைய கதைகள் காரணம். அந்தக் கதைகள் பொய்யல்ல. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, செயலியை மதர்போர்டோடு இணைக்கும் பஸ்ஸின் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு மாற்றினாலே 300இலிருந்து 450க்குத் தாவியது. மலிவு விலைச் செயலி, அன்றைய உயர்விலைச் செயலிகளோடு தோள் உரசியது. 2011இல் வந்த கோர் ஐ5 2500கே அடிப்படையில் 3.3 கிகாஹெர்ட்ஸ், நல்ல கூலர் இருந்தால் 4.5ஐப் பெரும்பாலானோர் எட்டினார்கள். அப்போது தயாரிப்பாளர் தாராளமாக மிச்சம் வைத்து விற்றார், வாங்கியவர் அதை எடுத்துக்கொண்டார்.

இப்போது நிலைமை வேறு. தயாரிப்பாளர்களே போட்டிக்காக அந்த மிச்சத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் விற்கிறார்கள். 2023இல் வந்த ஐ9 14900கே பெட்டியிலிருந்து எடுத்த அன்றே 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். உங்கள் 5600எக்ஸும் வெப்பம், மின்னோட்டம், எத்தனை கோர்கள் வேலையில் இருக்கின்றன என்று எல்லாவற்றையும் நொடிக்குப் பலமுறை பார்த்து வேகத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். செயலி எடுக்கும் மின்சக்தி, வேகத்தோடு நேர் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. எல்லாக் கோர்களும் 4.5 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட்டில் ஓடுகின்றன என்று வையுங்கள். அதை 4.7 ஆக்க 1.35 வோல்ட் தேவைப்பட்டால், வேகம் கூடுவது நாலரை சதவீதம்கூட இல்லை. மின்சக்தி கூடுவது 32 சதவீதம். அந்த 32 சதவீதமும் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். பெட்டியோடு வந்த சிறிய கூலருக்கு அது தாங்காது. மேலும், வீடியோக்களில் காட்டும் வெப்பநிலை பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் அளந்தது. கூலர் எவ்வளவு பெரியதானாலும் அறைக் காற்றைவிடக் குளிர்விக்க முடியாது. சித்திரை வெயிலில் உங்கள் அறை 36 டிகிரி, வீடியோ எடுத்தவருடைய அறை 22 டிகிரி என்றால், அவர் காட்டும் எண்ணோடு ஏறத்தாழ 14ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வேகத்தை ஓர் எண்ணில் பூட்டிவைப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஒன்றிரண்டு கோர்களுக்கு மட்டும் வேலை இருக்கும்போது 5600எக்ஸ் தானாகவே 4.6ஐத் தொடும். 4.6இல் பூட்டினால், அத்தகைய வேலைகளில் ஒன்றும் கூடவில்லை. 4.7இல் பூட்டினால் கூடுவது 2 சதவீதம். அதற்காக, ஓய்வாக இருக்கும் நேரத்திலும் செயலிக்கு உயர்ந்த மின்னழுத்தத்தை ஊட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறான வாசிப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேகத்தைத் தொடாமல் வைத்திருக்கும்போது கண்காணிப்பு மென்பொருளைத் திறந்தால் அவ்வப்போது 1.4 வோல்ட், சில நேரம் அதற்கும் மேலே தெரியும். 'நிறுவனமே 1.4 கொடுக்கிறது, அப்படியானால் நானும் 1.4இல் பூட்டலாம்' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த 1.4, ஒரு கோர் மட்டும் சிறிது நேரம் குறைந்த மின்னோட்டத்தில் ஓடும்போது வருவது. ஆறு கோர்களும் முழு வேலையில் இருக்கும்போது செயலி தானே அதை வெகுவாக இறக்கிவிடும். நீங்கள் பூட்டிவைத்தால் இறக்க ஆளில்லை. முழுச் சுமையில் 1.3ஐத் தாண்டி மாதக்கணக்கில் ஓட்ட நான் துணிய மாட்டேன்.

சரி, விளையாட்டில் என்ன கிடைக்கும்? முதலில் உங்கள் கணினியில் முட்டுக்கட்டை செயலியா, கிராபிக்ஸ் கார்டா என்று பாருங்கள். நீங்கள் விளையாடும் விளையாட்டில் காட்சித் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். பிரேம் எண்ணிக்கை குபீரென்று ஏறினால் முட்டுக்கட்டை கிராபிக்ஸ் கார்டு. செயலியை எவ்வளவு விரட்டினாலும் பயனில்லை. எண்ணிக்கை அசையவே இல்லை என்றால்தான் செயலியைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது. 3060 கார்டில், காட்சித் தரத்தை உயர்த்தி ஆடும் பெரிய ஒற்றையாள் விளையாட்டுகளில் பெரும்பாலும் கார்டுதான் திணறும். வாலரன்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவற்றில் செயலியின் முறை வரும். அங்கேயும் 144 பிரேம் 150 ஆனால் ஒரு பிரேமுக்கு மிச்சமாவது 0.28 மில்லிநொடி. அதை உணர்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் வாதாட மாட்டேன், நம்பவும் மாட்டேன்.

விளையாட்டுகளில் செயலி தன் நேரத்தில் கணிசமான பகுதியை ரேமிலிருந்து தகவல் வருவதற்காகக் காத்திருப்பதிலேயே கழிக்கிறது. இதற்கு ஏ.எம்.டி.யின் 5800எக்ஸ்3டி செயலியைவிட நல்ல சாட்சி கிடையாது. 2022இல் வந்த அது, சாதாரண 5800எக்ஸைவிடக் குறைந்த வேகத்தில் ஓடுகிறது; ஒன்று 4.5, மற்றது 4.7 கிகாஹெர்ட்ஸ். இருந்தும் பெரும்பாலான விளையாட்டுகளில் மெதுவாக ஓடும் அதுவே முந்துகிறது, ஏனென்றால் அதன் மூன்றாம் நிலை கேஷ் (செயலிக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 32க்குப் பதிலாக 96 மெகாபைட். கடிகார வேகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலையாக டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியின் வேகத்தைப் பாருங்கள். 3200 என்று அச்சிட்ட ரேமை வாங்கி, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை இயக்காமல், 2133இலோ 2400இலோ ஆண்டுக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். உங்களுடையதும் அப்படி இருந்தால், அந்த ஒரு மாற்றமே நீங்கள் பார்த்த வீடியோவின் மொத்த வித்தையையும் விழுங்கிவிடும். ஒரே ஒரு ரேம் குச்சி மட்டும் போட்டிருந்தால், அதே வகையில் இன்னொன்றைச் சேர்த்து, மதர்போர்டு கையேடு சொல்லும் இரண்டு இடங்களில் செருகுங்கள். செயலிக்கும் ரேமுக்கும் நடுவில் இரட்டைப் பாதை திறக்கும்.

இனி ஆபத்து. செயலி மெதுவாகத் தேய்வது உண்மைதான். அதிக மின்னழுத்தமும் அதிக வெப்பமும் சேர்ந்தால் சிலிக்கனின் உள்ளே இருக்கும் நுண்கம்பிகளும் டிரான்சிஸ்டர்களும் கெடுகின்றன. நேற்று ஓடிய வேகத்துக்கு இன்று கூடுதல் வோல்ட் கேட்கும். பயனர் எதையும் தொடாதபோதே இது நடந்திருக்கிறது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளில் விளையாட்டுகள் காரணமில்லாமல் முறிந்து விழுந்த விவகாரத்தில், அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தை ஒரு முக்கியக் காரணமாக 2024இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. மின்னழுத்தத்துக்கு வரம்பு விதிக்கும் மைக்ரோகோட் (செயலியின் உள்கட்டளைத் திருத்தம்) வெளியிட்டது. வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் சில மதர்போர்டுகளில் கருகியபோது, எஸ்.ஓ.சி. மின்னழுத்தத்தை (செயலியில் கோர்கள் தவிர்த்த பகுதிகளுக்குப் போவதை) 1.3 வோல்ட்டுக்குள் கட்டிப்போடும் பயாஸ் வந்தது. மதர்போர்டு 'ஆட்டோ' என்று போட்டிருந்தால் அது பாதுகாப்பு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன். ஓவர்கிளாக் செய்யாவிட்டாலும் பயாஸை அவ்வப்போது புதுப்பியுங்கள்; புதுப்பிக்கும் நேரத்தில் மின்சாரம் போய்விடாமல் யு.பி.எஸ். இருக்கட்டும்.

இருந்தாலும் எனக்குப் பெரிய கவலை தேய்மானம் அல்ல. அரைகுறையாக நிலைத்திருக்கும் கணினிதான். பயாஸில் தவறான எண்ணைப் போட்டு, கணினி எழுந்திருக்கவே மறுத்தால் நல்லது. பயாஸ் அமைப்புகள் சேமித்திருக்கும் சிமாஸை அழித்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பலாம். முக்கால்வாசி சரியாக ஓடுவதுதான் ஆளைக் கொல்லும். எப்போதாவது ஒரு கணக்கு தப்பும். சேமித்த விளையாட்டு திறக்காது, சுருக்கிய கோப்பு விரியாது, விண்டோஸ் கோப்பு ஒன்று கெடும். நீங்கள் ரேமையும் விளையாட்டையும் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நண்பர் ஒருவரின் கணினியில் நான் பார்த்தது இது. அவரிடமும் இதே 5600எக்ஸ். விளையாடும்போது ஒன்றும் ஆகாது. விளையாடி முடித்துச் சாப்பிடப் போய்விட்டு வந்தால் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி நிற்கும். பவர் சப்ளையை மாற்றினார், விண்டோஸை மறுபடி நிறுவினார், பலனில்லை. விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பகுதியைப் பார்த்தோம். வன்பொருள் பிழைகளைப் பதிவுசெய்யும் டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர் என்ற பெயரில், 18 என்ற எண்ணுள்ள சிவப்புப் பிழைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் 'கேஷ் ஹையரார்க்கி எரர்' என்ற வரி. அதன் கீழே 'பிராசஸர் ஏபிக் ஐடி: 4'. ஒரு கோருக்கு இரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்) என்பதால் அந்த எண்ணை இரண்டால் வகுத்தால் எந்தக் கோர் என்று தெரியும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது. பயாஸில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 30 போட்டிருந்தார், இணையத்தில் யாரோ சொன்னபடி. அந்த இரண்டாவது கோர் அவருடைய சிப்பிலேயே தரமானது. தரமான கோருக்கு ஆலையிலேயே குறைந்த மின்னழுத்தம்தான் ஒதுக்கப்பட்டிருக்கும். அங்கே மேலும் வெட்ட இடம் குறைவு. சுமை இல்லாத நேரத்தில்தான் ஒற்றைக் கோர் ஒரு கணம் உச்ச வேகத்துக்குத் தாவும், அப்போது வோல்ட் பற்றாமல் விழும். அதை மட்டும் மைனஸ் 10 ஆக்கினோம், தொல்லை நின்றது.

நண்பர் கையாண்ட கருவியில் தவறில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் உங்களுக்குப் பரிந்துரைப்பதும் அதையேதான். கர்வ் ஆப்டிமைசர் வேகத்தைப் பூட்டுவதில்லை. ஒவ்வொரு வேகத்துக்கும் கேட்கும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. சூடு குறைவதால் செயலியே அதிக நேரம் உச்ச வேகத்தில் நிற்கிறது. ஒரு படி என்பது 3 முதல் 5 மில்லிவோல்ட். எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10இல் தொடங்கி, கோர்களைத் தனித்தனியாகச் சோதிக்கும் கோர்சைக்ளரை இரவு முழுக்க ஓடவிடுங்கள். பிழை இல்லையென்றால் ஐந்து ஐந்தாக இறக்குங்கள். பிழை காட்டும் கோரை மட்டும் திருப்பி ஏற்றுங்கள். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை ஒருமுறை ஓடி முடித்ததை வைத்து நிலையாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள். அது எல்லாக் கோர்களையும் ஒன்றாகச் சுமையில் வைக்கும், நண்பரின் கோளாறு அதில் அகப்பட்டே இருக்காது. வேகம் எவ்வளவு கூடியது என்பதைவிட, மே மாதத்தில் மின்விசிறிச் சத்தம் எவ்வளவு குறைந்தது என்பதில் உங்களுக்குப் பலன் தெரியும்.

வாரண்டி பற்றி மழுப்ப வேண்டாம். ஏ.எம்.டி.யின் நிபந்தனைப்படி, வெளியிட்ட வரையறைக்கு வெளியே ஓட்டினால் வாரண்டி போய்விடும். மின்னழுத்தத்தைக் குறைப்பதும் அந்தக் கணக்கில் சேரும், நிறுவனமே கொடுத்த மென்பொருளால் செய்தாலும் சரி. உங்கள் செயலியின் வாரண்டி இன்னும் மிச்சம் இருந்தால் இதை எண்ணிப் பாருங்கள். 2020இல் வந்த செயலி. பலருக்கு முடிந்தே போயிருக்கும்.

ஓவர்கிளாக் செய்வதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கு நான் எழுதியது எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு அந்தத் தேடல்தான் விளையாட்டு, இரவெல்லாம் எண்களோடு உட்கார்ந்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. நீங்கள் கேட்டது விளையாட்டு சீராக ஓட வேண்டும் என்பதற்காக. அதற்குப் பெரிய கூலர் வாங்கி 4.7ஐத் துரத்தும் பணத்தைக் கையில் வைத்திருங்கள். ரேமைச் சரிசெய்த பிறகும் செயலிதான் முட்டுக்கட்டை என்று தெரிந்தால், இதே பி550 பலகையில் பயாஸைப் புதுப்பித்துவிட்டு, 5800எக்ஸ்3டி போலவே பெரிய கேஷ் கொண்ட 5700எக்ஸ்3டி பொருத்தலாம். புதிதாகக் கிடைப்பது அரிதாகிவருகிறது. பழையது வாங்கினால், கடைக்காரரிடம் கணினியில் பொருத்தி ஓட்டிக்காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.